மைனஸ் நான்கு எப்படி வந்தது

ஜூன் 9

வாயாடித் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி. ஆனால் என்னோடு சண்டைக்கு வரும்போது மட்டும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுகிறாள். மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா?

போனில் பேசலாமே என்பாய். பேசினால் நான் பாதியில் வைத்துவிடுவேன், நீ அழுவாய், உன் அண்ணி இரண்டு நாள் எனக்குப் பதில் சொல்ல மாட்டாள். கடிதம் என்றால் கடைசிவரை படித்தாக வேண்டும்.

செய்தி இதுதான். எங்கள் வட்டாரத்தின் இருபத்திரண்டு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு கணிதப் பயிற்றுநரை நியமிக்கப் போகிறார்கள். ஆசிரியர்களுக்கே கற்பிக்கும் வேலை. செப்டம்பர் பதினான்காம் தேதி ஆசிரியர் கூட்டத்தில் விண்ணப்பித்தவர்கள் ஆளுக்கு இருபது நிமிடம் பேச வேண்டும். மூன்று பேர் குழு கேட்டு முடிவு செய்யும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இதை விட்டால் எனக்கு வேறு வாய்ப்பில்லை. தலைமையாசிரியர் பதவி வேதியியல்காரருக்குப் போயிற்று. பாடநூல் குழுவில் என் பெயரைச் சேர்த்து, மறுவாரம் தட்டச்சுப் பிழை என்றார்கள். முதுகலையில் முதலிடம் வாங்கியவன் தட்டச்சுப் பிழை! தேதி வாரியாக எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் பள்ளியிலிருந்து இன்னொருவரும் விண்ணப்பித்திருக்கிறார். ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவர். நான் வைத்த பெயர் புன்னகை. கூரை இடிந்து விழுந்தாலும் சிரித்துக்கொண்டே ‘பரவாயில்ல சார்’ என்பார். அவர் ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பும் பிள்ளைகளைப் பதினோரு வருடமாக நான் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் பயிற்றுநரானால் நான் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். நினைத்தாலே பல்லைக் கடிக்கிறேன்.

உன் பள்ளியில் ஏதோ புதிதாகச் செய்வதாகச் சொன்னாயே, அது என்ன? இருபது நிமிடத்துக்குச் சரக்கு வேண்டும்.

அண்ணன்

ஜூன் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கையின் வணக்கம். இவருக்கு இருமல் போய்விட்டது, இருமலைப் பற்றிய பேச்சுதான் போகவில்லை. அண்ணியை மருத்துவரிடம் காட்டினீர்களா, இல்லை வழக்கம்போல நீங்களே வைத்தியரா?

நாங்கள் செய்வது பெரிய விஷயமில்லை. கணக்கு ஆசிரியர்கள் ஐந்து பேர் புதன்கிழமை மதியம் ஆய்வுக்கூடத்தில் கூடுகிறோம். ஆளுக்கொரு தப்பு விடை கொண்டுவர வேண்டும். அந்த வாரம் ஏதாவது ஒரு பிள்ளை எழுதியதாக இருக்க வேண்டும். வெறுங்கையோடு வந்தால் டீ கிடையாது. அந்தத் தப்பு எப்படி வந்தது என்று மட்டும்தான் பேசுவோம். ‘அவன் மக்கு’, ‘அவள் கவனிக்கலை’ என்று சொன்னால் அபராதமாக எல்லோருடைய டம்ளரையும் கழுவ வேண்டும். முதல் மாதம் முழுக்க நான்தான் கழுவினேன்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் 3x = 12 கொடுங்கள். தப்பாகப் போட்டவர்களைத் திட்டாமல் (முடியுமா அண்ணா?) ‘எப்படிப் போட்டே?’ என்று மட்டும் கேளுங்கள். வேறு பேச்சு கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதீர்கள்.

தங்கை

ஜூலை 3

தங்கைக்கு,

நலம். மாத்திரை போடுகிறேன். உன் அண்ணியை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நடக்கச் சொன்னாராம், நடக்கிறாள்.

ஒன்பதாம் வகுப்புக்கு 3x = 12 கொடுக்கச் சொன்னதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழாம் வகுப்புக் கணக்கு அது. இருந்தாலும் கொடுத்தேன். நாற்பத்தொரு பேர். இருபத்தாறு பேர் 4 என்று எழுதினார்கள். நான்கு பேர் 9. மீதிப் பதினோரு பேரும் மைனஸ் நான்கு! ஒரே தப்பைப் பதினோரு பேர் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள், பார்த்து எழுதியதும் இல்லை. வேறு வேறு வரிசை.

முதலில் ஒருவனைக் கூப்பிட்டேன்.

“எப்படிப் போட்டே?”

“சாரி சார்.”

“சாரி வேணாம். எப்படிப் போட்டே?”

“அழிச்சிடறேன் சார்.”

“அழிச்சே, தொலைச்சுடுவேன்! எப்படிப் போட்டேன்னுதானே கேக்கறேன்?”

பையன் கண் கலங்கிவிட்டான். என் வகுப்பில் இருபத்தேழு வருடமாக இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான், அடுத்தது திட்டு என்று. பிறகு இரண்டாம் வரிசையில் ஒரு பெண். எதற்கும் எதிர்வாதம் செய்வாள், எல்லோரும் ‘வக்கீல்’ என்பார்கள். அவளும் மைனஸ் நான்குதான்.

“மூணு அந்தப் பக்கம் போகுது சார். போனா குறி மாறணும்ல? அதனால மைனஸ் மூணு. பன்னண்டை மைனஸ் மூணால வகுத்தா மைனஸ் நாலு. இதுல என்ன சார் தப்பு?”

தங்கச்சி, நான் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டேன். அவள் வாதத்தில் ஓட்டையே இல்லை! விதியைச் சுத்தமாகப் பின்பற்றியிருக்கிறாள், விதிதான் தப்பு. “அந்த மைனஸ் நாலை மூணு தடவை எடுத்துப் பாரு” என்றேன். “மைனஸ் பன்ன... ஐயையோ!” என்று அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே மற்ற பத்துப் பேரும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து ஏதாவது விபத்தா என்று கேட்டார்.

நான் இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தேன்? சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு அடியில் இவ்வளவு யோசனை இருப்பது யாருக்குத் தெரியும்! இன்னும் கேள்விகள் அனுப்பு. உடனே அனுப்பு.

அண்ணன்

ஜூலை 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்கும் படித்துக் காட்டினேன். ‘உங்கண்ணன் சந்தோஷமா எழுதி நான் பாத்ததில்லையே, உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டார். எல்லோரும் நலம்.

எங்கள் பள்ளியிலும் அதே மைனஸ் நான்கு. பதினாறு பேர். அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று புதன்கிழமை ஆயிற்று. கண்டுபிடித்த கதையை நேரில் சொல்கிறேன். நீங்களும் தேடிப் பாருங்கள், அவசரப்படாமல்.

அடுத்தது: ஒரு சதுரத்தின் பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பளவு எத்தனை மடங்கு? படம் வரையச் சொல்லாமல் கேளுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை

ஜூலை 20

தங்கைக்கு,

எல்லோரும் நலம். நான் ரொம்ப நலம்.

சதுரக் கேள்விக்கு முப்பத்து நான்கு பேர் ‘இரண்டு மடங்கு’ என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பழைய வினாத்தாள்களைச் சதுரமாக வெட்டிக் கொடுத்து, சின்னதை வைத்துப் பெரியதை மூடச் சொன்னேன். மூன்றாவதை வைக்கும்போதே கூச்சல். “சார், இன்னும் ஒண்ணு கேக்குது சார்!” மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. என் வகுப்பில் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது இதுதான் முதல் தடவை. வீட்டில் உன் அண்ணியிடமும் கேட்டேன். “நாலு மடங்கு. பெரிய படுக்கைக்கு உறை தைக்கறவ கிட்ட வந்து கேக்கறீங்களே” என்றாள். இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயம். மைனஸ் நான்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. தேடவே தேவையில்லை. சமன்பாடு முதலில் ஏழாம் வகுப்பில் வருகிறது. ஏழாம் வகுப்பு யாருடையது? புன்னகையினுடையது. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் சொல்ல வேண்டியதைப் பெருக்கலுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் மகானுபாவர். பதினோரு வருடமாக எனக்குள் இருந்த சந்தேகத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டது!

செப்டம்பர் பதினான்காம் தேதி அறுபது ஆசிரியர்களுக்கு முன்னால் இதைத்தான் சொல்லப் போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன், நான் பண்பானவன். ‘எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பில்’ என்றால் போதும். குழுவுக்குப் புரியும். அவர் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும்.

நீ கண்டுபிடித்ததும் இதே மாதிரிதானே? உன் பள்ளியில் யார் அந்த ஆள்? எழுது, இரண்டு பள்ளிகளின் கணக்கையும் சேர்த்துக் காட்டலாம்.

அண்ணன்

ஆகஸ்ட் 14

தங்கைக்கு,

நலமா? இருபத்தைந்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? மாப்பிள்ளைக்கு எழுதலாமா என்று உன் அண்ணி கேட்கிறாள்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் எல்லாப் பிரிவுகளுக்கும் அதே கேள்வியைக் கொடுத்துவிட்டேன். இருநூற்றுப் பதினொரு தாள். ஐம்பத்தெட்டு மைனஸ் நான்கு. ஒவ்வொன்றிலும் பிள்ளை சொன்ன காரணத்தை ஓரத்தில் எழுதியிருக்கிறேன். பெரிய அட்டையில் படமாகப் போட்டாயிற்று. தப்பு தொடங்கிய இடம் என்று ஏழாம் வகுப்புக்கு மட்டும் சிவப்பு வண்ணம்.

உன் பள்ளிக் கணக்கு இன்னும் வரவில்லை. பதினாறு பேருக்கும் சொல்லிக் கொடுத்தது யார் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அண்ணன்

ஆகஸ்ட் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

கூட்டத்துக்கு முன்னால் அந்த வக்கீல் பெண்ணிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதை எங்கே படிச்சே?’

‘யார் சொன்னா?’ என்று கேட்காதீர்கள். ‘எங்கே படிச்சே?’

அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கை

செப்டம்பர் 2

தங்கைக்கு,

கேட்டேன்.

அவள் பையைத் துழாவி ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்தாள். ‘சமன்பாடுகள்: சுருக்க வழி.’ பதினாறு பக்கம். அவள் அக்காவிடமிருந்து வந்த பிரதியாம். மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி: ‘சமக்குறியைத் தாண்டும் எதுவும் குறி மாறும்.’

எதுவும். எதுவும் என்று எழுதியது யார்? எட்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் புன்னகையை நம்ப முடியாது என்று நான்தானே உட்கார்ந்து எழுதினேன்! நான்தானே நகலெடுத்து ஏழாம் வகுப்பு முழுக்கக் கொடுக்கச் செய்தேன்! அட்டையில் என் பட்டம் வேறு. புத்தகத்தை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மறக்கவில்லை. அந்த வரி சுருக்கமாக வந்துவிட்டதென்று எனக்குப் பெருமைதான். பிள்ளைகள் ‘குறி மாறும்’ என்றபோதெல்லாம், நான் ஒழுங்காக எழுதியதைப் புன்னகை கெடுத்துச் சொல்லியிருக்கிறார் என்றே நினைத்தேன். என் சொந்த வாக்கியத்தை ஒரு தடவை எடுத்துப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மதியம் அவர் அறைக்குப் போனேன். புத்தகத்தை மேசையில் வைத்தேன்.

“பெருக்கலுக்கு இது பொருந்தாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றேன். அப்போதும் சண்டை பிடிக்கத்தான் போயிருந்தேன்.

“தெரியும் சார். அப்பவே சொன்னேனே.”

“எப்போ?”

“ஆசிரியர் கூட்டத்துல. நீங்க, ‘முதுகலைல முதலிடம் நீங்களா நானா?’ன்னு கேட்டீங்க. பழைய தலைமையாசிரியர் கட்டாயம் இதைத்தான் நடத்தணும்னு கையெழுத்துப் போட்டுட்டார். பரவாயில்ல சார், உக்காருங்க.”

நான் உட்காரவில்லை.

உனக்கும் இருபது பிரதி அனுப்பினேன், இல்லையா? அப்படியென்றால் உனக்கு ஜூன் மாதமே தெரியும். அத்தனை கேள்வியும் கேட்க வைத்து, என்னை அட்டையில் சிவப்பு வண்ணம் அடிக்க விட்டு, வேடிக்கை பார்த்திருக்கிறாய். கூடப் பிறந்தவள் செய்யும் வேலையா இது?

கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே பேசலாம். புன்னகை வாயைத் திறக்க மாட்டார், எனக்குத் தெரியும்.

அண்ணன்

செப்டம்பர் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு இதைப் படியுங்கள்.

தெரியும். சொல்லியிருந்தால் நீங்கள் போனை வைப்பதுபோல் கடிதத்தையும் மடித்து வைத்திருப்பீர்கள். சதுரமும் வெட்டியிருக்க மாட்டீர்கள், வக்கீலையும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஜூலைக் கடிதத்தைப் படித்தபோது இது எங்கே போய் முடியும் என்று பயந்தேன். எழுதத் தைரியம் வரவில்லை. அது என் தப்பு.

எங்கள் பள்ளியில் யார் அந்த ஆள் என்று கேட்டீர்கள். நான்தான். அந்தப் புத்தகத்தை வைத்து ஆறு வருடம் நடத்தினேன். அட்டை கிழிந்த ஒரு பிரதியைப் பிடித்துக்கொண்டு ‘யார் எழுதினது?’ என்று புதன்கிழமை கேட்டார்கள். ‘நான்’ என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளைக் குறை சொன்னதற்கு மட்டுமில்லை, டம்ளர் கழுவியது இதற்கும்தான்.

பதினான்காம் தேதி என்ன பேச வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலை உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

தங்கை

செப்டம்பர் 15

தங்கைக்கு,

எல்லோரும் நலம். நான் எழுதியதை நீ எழுதியதாகச் சொன்னாயாம்! யார் உன்னைக் கேட்டது? என் தப்பைச் சுமக்க எனக்கு முதுகில்லையா? அடுத்த புதன்கிழமை உன் ஆட்களிடம் என் பெயரைச் சொல். பட்டத்தோடு சொல்.

இனி நேற்று நடந்தது.

பேருந்தில் போகும்போதுகூட இரண்டு மனம்தான். அட்டையையும் கொண்டுபோனேன், பச்சைப் புத்தகத்தையும் கொண்டுபோனேன். மேடையில் ஏறினதும் கரும்பலகையில் 3x = 12, x = −4 என்று எழுதி, “இது எப்படி வந்ததுன்னு ஆளுக்கொரு சீட்டுல எழுதுங்க” என்றேன். அறுபது பேரும் எழுதினார்கள். படித்தேன். கவனக்குறைவு. அடிப்படை சரியில்லை. வீட்டில் படிப்பதில்லை. கீழ் வகுப்பு ஆசிரியர் சரியில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் இருபத்து மூன்று சீட்டு! படிக்கப் படிக்க, எல்லாம் என் கையெழுத்து மாதிரியே தெரிந்தது.

அட்டையைப் பிரிக்கவே இல்லை. புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, “இதுலேர்ந்து வந்தது. எழுதினவன் நான். வேண்டாம்னு ஒருத்தர் சொன்னார், அவர் வாயை அடைச்சவனும் நான்தான்” என்றேன்.

குழுவில் இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ எட்டு வருஷமா தப்பா சொல்லிக்குடுத்தீங்களா?”

“ஆமாம்மா.”

“எத்தனை பிள்ளைங்க?”

“எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்தைத் தாண்டும்.”

அப்போது பின்னாலிருந்து ஒரு வயதான ஆசிரியர் எழுந்தார். “நான் ‘பின்னத்தை வகுக்கணும்னா தலைகீழாத் திருப்பு’ன்னு சொல்லித் தரேன். பிள்ளைங்க ரெண்டு பின்னத்தையும் திருப்பறாங்க. முப்பது வருஷமா தப்புன்னு அடிச்சிட்டிருக்கேன்” என்றார். உடனே இன்னொருவர். “எங்கிட்ட ‘பத்தால பெருக்கினா சைபர் சேரு’. ரெண்டு புள்ளி அஞ்சுக்கும் கடைசியில சைபர் சேக்கறாங்க!” அப்புறம் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. ஒவ்வொருவரும் தான் சொல்லிக்கொடுத்த குறுக்கு வழியைத் தானே காட்டிக் கொடுக்கிறார்கள், சிரிக்கிறார்கள், பெஞ்சு மேல் தட்டுகிறார்கள்! என் இருபது நிமிடம் ஒரு மணி நேரம் ஆயிற்று. அறுபது சீட்டும் என் சட்டைப் பையில் இருக்கின்றன. அடுத்துப் பேச வேண்டியவர் புன்னகை. “எனக்குப் பேச ஒண்ணுமில்ல, சார் எங்க விட்டாரோ அங்கேர்ந்து எல்லாரும் பேசலாம்” என்றார். அதையே இருபது நிமிடம் அழகாக நடத்தினார். ஒருவர் பேச்சையும் இடையில் வெட்டவில்லை. பொறாமையாக இருந்தது.

முடிவு ஒரு மாதத்தில் தெரியும்.

அண்ணன்

அக்டோபர் 20

தங்கைக்கு,

நலம். உன் அண்ணி நடக்கப் போய்விட்டு இப்போதுதான் வந்திருப்பாள், நான் இன்னும் பள்ளியில்தான் இருக்கிறேன்.

முடிவு வந்தது. வேலை புன்னகைக்கு. ஜனவரியிலிருந்து.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. குழுவின் மூன்று பேருடைய பெயரும் என் பழைய கோபப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் அவரே என் வகுப்பு வாசலில் நின்றார்.

“சார், போறதுக்கு முன்னாடி ஏழாவதுக்குச் சமன்பாட்டை அந்தப் புத்தகம் இல்லாம ஒரு தடவை எடுத்துப் பாத்துடணும். நீங்க பின்னாடி உக்காந்து என் தப்பை எழுதுவீங்களா?”

“எழுதினா நோட்டுப் புத்தகம் பத்தாது” என்றேன்.

“ரெண்டு நோட்டு கொண்டாங்க.”

இன்று உட்கார்ந்தேன். தராசுப் படம் வரைந்தார். இந்தத் தட்டில் என்ன செய்கிறோமோ அதையே அந்தத் தட்டிலும் செய்ய வேண்டும், எதுவும் எங்கேயும் ‘போகாது’ என்றார். 3x = 12. இரண்டு பக்கமும் மூன்றால் வகு. நாற்பது பேரும் 4 என்று கத்தினார்கள். நோட்டில் நான் எழுத ஒன்றுமே இல்லை. உனக்குத் தெரியுமா, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அப்போது முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எது வேணா செய்யலாம்னீங்களே சார். அப்போ ரெண்டு பக்கமும் பூஜ்யத்தால வகுக்கலாமா?”

‘எது வேணா’ என்று அவர் சொல்லியிருந்தார். நான் எழுதிய ‘எதுவும்’ மாதிரியே! அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருபத்தேழு வருடமாக இதற்கு ‘கூடாது, உக்காரு’ என்றுதான் பதில் சொல்லியிருக்கிறேன். வாய்வரை வந்துவிட்டது. “தெரியலைம்மா. அதாவது, கூடாதுன்னு தெரியும், உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நாளைக்குச் சொல்றோம்” என்றேன். சொல்கிறோம் என்று நான் சொன்னதை அவரும் கவனித்தார்.

இப்போது மணி ஐந்து. ஆசிரியர் அறையில் நாங்கள் இரண்டு பேரும்தான். அவர் ஒரு வழி சொன்னார், பன்னிரண்டு வயதுக்குப் புரியாது என்று அடித்துவிட்டேன். நான் ஒரு வழி சொன்னேன், அவர் சிரித்துக்கொண்டே அதில் ஓட்டை காட்டினார். எரிச்சலாக இருந்தது, ஆனால் ஓட்டை இருக்கத்தான் செய்தது. பியூன் சாவிக்கொத்தோடு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாளை இரண்டாம் பாடவேளைக்குள் பதில் வேண்டும். இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் அது முடிந்திருக்கும். இருந்தாலும் நீ அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வாய் என்று எழுது, நாங்கள் சொன்னதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இதோ, அவர் புதிதாக ஏதோ போட ஆரம்பித்துவிட்டார். முதல் வரியே தப்பு மாதிரி தெரிகிறது. எப்படிப் போட்டார் என்று கேட்டுவிட்டு வருகிறேன்.

அண்ணன்